மீட்டர் பிழைத்ததா, கை பிழைத்ததா?

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்தில் மோட்டார் சுற்றும் வேர்க்ஷொப் ஒன்றில் அண்மையில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்திருக்கக் கிடைத்தது. மீன்பிடிப் படகுக்காரர், ஐஸ் ஆலைக்காரர், வயலுக்குத் தண்ணீர் இறைப்பவர் என்று நாலு பக்கத்திலிருந்தும் எரிந்த மோட்டார்கள் வந்து சேரும் இடம். மேசை நிறையச் செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசம், ஆறிப்போன பிளேன்டீ. நடுவில் கறுப்புப் பெட்டியாக ஒரு பழைய அவோ மீட்டர். ஒரு மூலை உடைந்து ஒட்டிய தழும்பு தெரிந்தது. தோல் வார் அறுந்துபோய், அதற்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டியிருந்தது.

"நானா, இது இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"என்ன அப்பிடிக் கேட்டுட்டீங்க? வாப்பாட காலத்துச் சாமான். ரெண்டு தரம் மேசையால விழுந்திருக்கு. ஒரு தரம் கூரை ஒழுகித் தண்ணிக்குள்ள கிடந்திருக்கு. முள்ளு இன்னும் நேராத்தான் நிக்குது. முந்தநாள் வாங்கினது அந்தாக் கிடக்கு, குப்பைக்குள்ள."

குப்பைக் கூடையில் கிடந்தது மஞ்சள் நிறச் சின்ன டிஜிட்டல் மீட்டர். நம் ஊரில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் ஓரிரண்டாயிரம் ரூபாவுக்குள் கிடைக்கும் வகை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 10 அம்பியர் என்று எழுதிய ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. பின்மூடி வெடித்து விலகியிருந்தது. வேலை பழகும் பையன் காலையில் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, சிவப்பு வயரை அதே ஓட்டையில் விட்டுவிட்டான். பின்னேரம் அதை மறந்து 400 வோல்ட் மூன்று பேஸ் லைனில் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே வைத்திருக்கிறான்.

"பொடியனுக்கு ஒண்டும் ஆகல்ல, அல்ஹம்துலில்லாஹ். மீட்டர்தானே, போனாப் போகுது" என்றார் நானா.

அவருக்கு அது முடிந்த கதை. எனக்கு அப்படி இருக்கவில்லை. இந்தப் பத்தியை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் மின்சாமான் கடை வைத்திருந்தவன்தான். புறக்கோட்டையில் டசின் கணக்கில் மலிவு மீட்டர் எடுத்து வந்து கண்ணாடி அலுமாரியில் அடுக்கி விற்றிருக்கிறேன். ஒரு நாள் வழக்கமான வாடிக்கையாளர், வயரிங் வேலை செய்கிறவர், வலது கையில் துணி சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. மேசையில் கருகிய மீட்டரை வைத்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "நீங்கதானே ஆயிரம் வோல்ட் தாங்கும் எண்டு சொன்னீங்க?"

நான் சொன்னது உண்மை. பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்த அச்சுக்கு என்ன அர்த்தம் என்பதை அன்றுவரை நான் தேடிப் பார்த்ததில்லை. பின்னர் தேடித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தபால் இலாகாக்காரரின் கறுப்புப் பெட்டி

அவோ மீட்டரை உருவாக்கியவர் பெரிய விஞ்ஞானி அல்ல. பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் வேலை செய்த டொனால்ட் மெக்காடி என்ற பொறியியலாளர். தந்தி, தொலைபேசிக் கம்பிகளைப் பரிசோதிக்க அம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்துப்போனவர். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்ட மீட்டர் 1923இல் சந்தைக்கு வந்தது. அந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயிற்று. நமது தொழிலாளர்கள் நன்கறிந்த எட்டாம் மாடல் 1951இல் வந்தது. சிறு சிறு மாற்றங்களோடு 2008 வரை அதையே செய்தார்கள். ஒரே சாமான் 57 வருடம் சந்தையில் நின்றது என்றால், வியாபாரிகளான நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். கடைசியில் உற்பத்தியை நிறுத்தியதுகூட வாங்க ஆளில்லாமல் அல்ல. உள்ளே போடும் இயந்திரப் பாகங்கள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்பதுதான் காரணம்.

பிரித்தானியக் கடற்படையும் இந்த மீட்டரைத் தனக்கென்று தனி இலக்கமிட்டு வாங்கியது. 1957 வரை அந்தக் கடற்படையின் தளமாக இருந்த ஊரில் இந்தக் கறுப்புப் பெட்டியைக் காண்பது புதினமல்ல.

அது இத்தனை காலம் பிழைத்ததற்குக் கனத்த உடம்பு ஒரு காரணம். இரண்டு கிலோவுக்கு மேல் பாரம். ஆனால் முக்கியமான காரணம் உள்ளே இருக்கும் கட்-அவுட். அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டும். முட்டிய வேகத்தில் ஒரு சின்ன விசை தட்டுப்பட்டு, மீட்டர் தானாகவே சுற்றிலிருந்து கழன்றுகொள்ளும். முகப்பில் ஒரு பொத்தான் மேலே துள்ளி நிற்கும். வயரைக் கழற்றிப் பிழையைத் திருத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மீண்டும் வேலைக்குத் தயார். வயர் லைனில் இருக்கும்போதே அமுக்கக் கூடாது. கீழே விழுந்த அதிர்ச்சியிலும் இந்தப் பொத்தான் துள்ளுவதுண்டு. அதைக் கண்டு மீட்டர் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள்!

விழுவது சின்ன விபத்து

முள் மீட்டருக்குள் ஒரு காந்தமும், அதன் நடுவில் மயிரளவு கம்பியால் சுற்றிய சுருளும் இருக்கின்றன. அந்தச் சுருள் கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற கல்லில் ஊசிமுனையால் தாங்கப்பட்டுச் சுழலும். மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழும்போது உடைவது பெரும்பாலும் இந்த முனைதான். பின்னர் வந்த சில மீட்டர்களில் ஊசியை எடுத்துவிட்டு, சுருளை இறுகக் கட்டிய மெல்லிய உலோக நாடாவில் தொங்கவிட்டார்கள். அது அடியைக் கூடுதலாகத் தாங்கும்.

முள் மீட்டரை வானில், மோட்டார் சைக்கிளில் கொண்டு போகிறவர்கள் குமிழை 'ஓஃப்' பக்கம் திருப்பி வைப்பதன் காரணம் பலருக்குத் தெரியாது. பெட்டரி மிச்சம் பிடிக்க அல்ல. பல மீட்டர்களில் அந்த இடத்தில் சுருளின் இரு முனையும் ஒன்றாக இணைக்கப்படுகிறது. அப்போது குலுக்கலில் முள் ஆட முயன்றால் காந்தமே அதைப் பிடித்து நிறுத்தும். கின்னியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன் படகுப் பாதையில் ஏறி இறங்கி மூதூர், கின்னியா என்று வேலைக்குப் போன பழைய பாஸ்மார் இதைக் காரணம் தெரியாமலே பழக்கமாக வைத்திருந்தார்கள்.

டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு இந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்தது. உள்ளே அசையும் சாமான் குமிழைத் தவிர வேறில்லை. அமெரிக்காவின் ஃபுளூக் கம்பனி 1977இல் கையடக்க டிஜிட்டல் மீட்டரைக் கொண்டுவந்தது. அதே கம்பனியின் 28-இரண்டு என்ற மாடல் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், தண்ணீருக்குள் முழுதாக மூழ்கினாலும் தாங்கும் என்ற உத்தரவாதத்தோடு வருகிறது. கப்பல் தளத்தில் ஏணியில் ஏறி நின்று வேலை செய்கிறவனுக்கு அது வீண் ஆடம்பரம் அல்ல.

ஆனாலும் விழுவது சின்ன விபத்துத்தான். விழுந்தால் மீட்டர் மட்டும்தான் உடையும்.

பெரிய விபத்து சிவப்பு வயரில்

அந்தப் பையன் செய்த பிழைக்கு வருவோம். வோல்ட் அளக்கும்போது மீட்டருக்குள் இலட்சக்கணக்கான ஓம் தடை இருக்கிறது. கரண்ட் பெயருக்குத்தான் ஓடும். அம்பியர் ஓட்டையில் நிலைமை தலைகீழ். அங்கே இருப்பது தடித்த ஒரு கம்பித் துண்டு, கிட்டத்தட்டத் தடையே இல்லை. அதை 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வைப்பது ஸ்குரூடிரைவரை வைத்து ஷோர்ட் பண்ணுவதற்குச் சமம். பெரிய டிரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்து லைன் என்றால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாய இடமுண்டு.

அந்தக் கணத்தில் கையைக் காப்பது ஒரேயொரு சாமான். பியூஸ்.

மலிவு மீட்டரில் 10 அம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பியூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். நாம் வாசிப்பதில்லை. சிலவற்றில் சின்னக் கண்ணாடிப் பியூஸ் இருக்கும். அது 250 வோல்ட்டுக்குச் செய்தது. 400 வோல்ட்டில் கம்பி உருகினாலும் உள்ளே தீப்பொறி பாலம்போல் நின்று கரண்ட் தொடரும். கண்ணாடி வெடிக்கும், செம்பு ஆவியாகும், அந்த ஆவியிலும் கரண்ட் பாயும்.

நல்ல மீட்டரில் விரலளவு பீங்கான் பியூஸ், 1000 வோல்ட்டுக்குச் செய்தது. உள்ளே மணல் நிரப்பியிருப்பார்கள். கம்பி உருகும்போது எழும் பொறியின் சூட்டை மணல் உறிஞ்சி, தானும் உருகிக் கண்ணாடியாக மாறிப் பொறியை அணைத்துவிடும். வெளியே சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் பெரிய விஷயம். பியூஸை மாற்றினால் மீட்டர் பழையபடி.

இங்கேதான் நம் தொழிலாளர்களிடம் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பீங்கான் பியூஸ் விலை கூடிய சாமான், இலேசில் கிடைப்பதுமில்லை. ஆகவே அதன் இடத்தில் வயரிலிருந்து ஒரு செம்பு இழையைச் சுற்றிவிடுகிறார்கள். சிலர் சிகரட் பெட்டி வெள்ளிக் கடதாசி. மீட்டர் அதற்குப் பிறகும் சரியாகவே அளக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த பிழை நடக்கும் நாளில்தான் தெரியவரும். விலை கூடிய மீட்டரைச் செம்பு இழை போட்டுப் பாவிப்பதைவிட மோசமான சிக்கனம் வேர்க்ஷொப்பில் வேறில்லை என்பேன்.

பியூஸ் உயிரோடு இருக்கிறதா என்று திறக்காமலே பார்க்கலாம். பல நல்ல மீட்டர்களில் சிவப்பு வயரை வோல்ட்-ஓம் ஓட்டையில் செருகி, ஓமில் வைத்து, அதன் முனையை அம்பியர் ஓட்டைக்குள் தொட்டால் போதும். 10 அம்பியர் பக்கம் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பியூஸ் போய்விட்டது.

அச்சடித்த இலக்கம்

இனி என் வாடிக்கையாளர் கேட்ட கேள்வி. 1000 வோல்ட் என்று போட்டிருந்த மீட்டர் 400இல் ஏன் வெடித்தது? அவர் கரண்ட் ஓட்டையைத் தொடவில்லை, வோல்ட் ஓட்டையில்தான் வைத்திருந்தார். குமிழை மட்டும் ஓமிலிருந்து மாற்ற மறந்துவிட்டார். நல்ல மீட்டர் என்றால் எந்த இடத்தில் குமிழ் இருந்தாலும் உள்ளே உள்ள பாதுகாப்புப் பாகங்கள் அடியை வாங்கிக்கொள்ளும். மலிவு மீட்டரில் அந்தப் பாகங்களுக்கு இடம்கூட விட்டிருக்கமாட்டார்கள். பெட்டியில் போட்டிருந்த 1000 என்பது, குமிழ் சரியான இடத்தில் இருந்து, லைனும் அமைதியாக இருந்தால் அளந்து காட்டக்கூடிய எண் மாத்திரமே.

லைன் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. மின்னல் அடிக்கும். பெரிய மோட்டாரை நிறுத்தும்போது ஒரு துள்ளல் வரும். 230, 400 வோல்ட் லைனில் கண் சிமிட்டும் நேரத்துக்குள் சில ஆயிரம் வோல்ட் வந்து போகும். இதற்காகத்தான் ஐ.ஈ.சி. 61010 என்ற சர்வதேச நியமத்தில் மீட்டர்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். மீட்டரின் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கெட்' என்றும் அதன் பின் ரோம இலக்கமும் இருக்கும். இரண்டு என்றால் பிளக் பொயின்டில் செருகும் வீட்டுச் சாமான்களுக்கு. மூன்று என்றால் கட்டடத்தின் நிலையான வயரிங், விநியோகப் பெட்டி, மூன்று பேஸ் மோட்டார். நான்கு என்றால் வீதிக் கம்பத்திலிருந்து வரும் லைன்வரை.

வோல்ட் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் இது. 'கெட் இரண்டு, 1000 வோல்ட்' மீட்டரையும் 'கெட் மூன்று, 600 வோல்ட்' மீட்டரையும் பக்கத்தில் வைத்தால் நாம் ஆயிரத்தையே பெரிது என்போம். இரண்டையும் பரிசோதிப்பது 6000 வோல்ட் துள்ளலில்தான். ஆனால் முதலாவதைப் பரிசோதிக்கும்போது வழியில் 12 ஓம் தடை இருக்கும், அதாவது 500 அம்பியர். இரண்டாவதற்கு 2 ஓம்தான், 3000 அம்பியர். ஆறு மடங்கு அடியைத் தாங்கியது 600 என்று எழுதிய மீட்டர்தான்.

கெட் என்று அச்சடிப்பதற்கு மை மட்டும் போதும் என்பதுதான் அடுத்த பிரச்சினை. எழுத்து உண்மையா என்று சொல்வது சுயாதீனப் பரிசோதனைச்சாலையின் முத்திரை. யூ.எல்., சீ.எஸ்.ஏ., டி.யூ.வி. என்பன அப்படிப்பட்டவை. சீ.ஈ. என்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் முத்திரை, அதை மட்டும் நம்ப முடியாது. பிரபல ஜப்பானியப் பெயர்களில் ஓரெழுத்தை மாற்றி வரும் சாமான்களும் உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வது பற்றி எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். பொய்யாக அச்சடித்த வோல்ட்டுக்கும் அடி குடைந்த படிக்கல்லுக்கும் என்ன வித்தியாசம்? தவறான விபரம் கொடுத்துப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடுக்கிறது. 'எனக்குத் தெரியாது, பெட்டியில் அப்படிப் போட்டிருந்தது' என்று நான் அன்று சொன்னதுபோல் சொல்லித் தப்ப நினைப்பது அழகல்ல.

நானாவின் அவோவுக்கும் இதே அளவுகோல்தான். அது விழுந்தும் நனைந்தும் பிழைத்தது உண்மை. ஆனால் இந்தத் தரப் பிரிப்பு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு பிறந்த மீட்டர் அது. கட்-அவுட் முள்ளைக் காக்கச் செய்தது, 3000 அம்பியரை நிறுத்தச் செய்தது அல்ல. போதாக்குறைக்கு அதன் பழைய ரப்பர் வயர்கள் வெடித்து உள்ளே செம்பு தெரிகிறது. மேசையில் சுற்றிய மோட்டாரின் காயிலைப் பார்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை. மெயின் பெட்டிக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. இதை நானாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

உப்பும் பெட்டரியும்

கடலோர ஊரில் மீட்டருக்கு இன்னொரு எதிரி இருக்கிறது, சத்தமில்லாதது. உப்புக் காற்று. குமிழுக்குக் கீழே உள்ள செம்புத் தடங்களில் பச்சை பூத்து, அளவு ஏறியும் இறங்கியும் காட்டும். லைனில் கரண்ட் இருந்தும் பூச்சியம் காட்டுவதுதான் இதில் ஆபத்து. ஆகவே ஒரு லைன் செத்ததா என்று பார்க்குமுன் கரண்ட் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்துப் பார், பிறகு லைனைப் பார், பிறகு மறுபடியும் தெரிந்த இடத்தில் பார் என்று பயிற்றுவிக்கிறார்கள். மூன்று தொடல், அரை நிமிடம்.

2004 டிசம்பர் 26 சுனாமி கின்னியா, மூதூர்க் கரைகளை அடித்துப்போனபின், சேற்றிலிருந்து எடுத்த மின்கருவிகளை வெயிலில் காயவைத்து உடனே சுவிட்சைப் போட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான் பல சாமான்கள் முற்றாகப் போயின. கடல் தண்ணீர் பட்ட மீட்டர் என்றால் முதலில் பெட்டரியைக் கழற்ற வேண்டும். திறந்து நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பின்னர் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் கழுவி, நிழலில் சில நாள் காயவிட வேண்டும். அதன் பிறகும் அதை மெயின் லைனுக்குப் பாவிக்காமல் 12 வோல்ட் படகு வேலைக்கு ஒதுக்குவதே புத்தி.

அலுமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் மீட்டரைக் கொல்வது கசிந்த பெட்டரி. அல்கலைன் பெட்டரி கசிந்த வெள்ளைப் பூச்சை வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.

கடைக்காரர் கணக்கு

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது நல்ல மீட்டர்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அதே வருடம் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் கரண்ட் வெட்டு. ஜெனரேட்டர் பூட்டவும் திருத்தவும் ஆட்கள் ஓடித் திரிந்த நேரத்தில், அவர்கள் கையில் இருந்தது மலிவு மீட்டர். இப்போது வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகள். தொடராகப் பூட்டிய தகடுகளில் பல நூறு வோல்ட் டீ.சீ. வருகிறது. ஏ.சீ.யில் பொறி ஒரு செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டு அணைய வாய்ப்புண்டு, டீ.சீ.யில் அதுவும் இல்லை. டீ.சீ.க்கென்று செய்த பியூஸ் இல்லாத மீட்டரை அந்த வேலைக்கு விற்பது நெருப்புப் பெட்டி விற்பதைப் போன்றது.

மலிவு மீட்டரை விற்காதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெட்டரி, ரேடியோ, வாகன வயரிங் என்று 12, 24 வோல்ட் வேலைக்கு அது தாராளமாகப் போதும். பாடசாலைப் பிள்ளைக்கும் அது போதும். அதை வேறு இறாக்கையில் வையுங்கள். 'மெயின் லைனுக்கு அல்ல' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். வாங்க வருகிறவரிடம் என்ன வேலைக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல மீட்டர் விற்றால் அதற்குரிய பீங்கான் பியூஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பியூஸ் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தால் செம்பு இழை சுற்றும் பழக்கம் தானாகக் குறையும், பியூஸுக்காக அவர் திரும்பியும் உங்கள் கடைக்கே வருவார்.

வேர்க்ஷொப் முதலாளிக்கு ஒரு கணக்கு. வருடத்துக்கு நாலு மஞ்சள் மீட்டர் குப்பைக்குப் போகிறது என்று நானாவே ஒப்புக்கொண்டார். ஐந்து வருடத்தில் இருபது. அந்தக் காசு ஒரு நடுத்தர ஜப்பானிய மீட்டருக்குப் பெருமளவு போதும். பையனின் கை அந்தக் கணக்கில் சேரவில்லை.

நான் எழும்பும்போது நானா இறங்கி வந்தார். மெயின் பெட்டி வேலைக்குப் புதிதாக ஒன்று வாங்குவதாகச் சொன்னார். அதற்குப் பதிலாக என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவோவின் மேல் ஓம் வரிசைக்கு வேண்டிய 15 வோல்ட் பெட்டரி எங்கும் கிடைப்பதில்லை, கொழும்பில் தேடித் தர முடியுமா என்றார். வோல்ட் பார்க்க அந்த மீட்டருக்குப் பெட்டரியே தேவையில்லை, ஓமுக்குத்தான் வேண்டும். தேடத் தேவையில்லை என்றேன். 3 வோல்ட் பட்டன் பெட்டரி ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் குழாயில் அடுக்கினால் 15 வோல்ட் வந்துவிடும். பையனை அப்போதே கடைக்கு அனுப்பினார்.